மொறிஸ் மைனரும் குளிர்காலமும்: சீடெக் எம்.எக்ஸ்.எஸ் 5.0 சார்ஜர் பற்றி

இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு நவம்பர் பிறந்தால் ஒரே யோசனைதான்: ஓட்டுவதா, மூடி வைப்பதா? என்னிடம் இருப்பது 1966 மொறிஸ் மைனர் 1000. 1098 சிசி, நாலு கதவு. வேலைக்குப் போய்வர வேறு கார் இருக்கிறது. அதனால் மார்ச் வரை மைனருக்குப் பெரும்பாலும் கராஜ் வாசம்தான். அந்த மாதங்களில் அதன் போனற்றுக்குக் கீழே கொழுவிக் கிடப்பது சீடெக் என்ற சுவீடன் கம்பனியின் எம்.எக்ஸ்.எஸ் 5.0 பற்றரிச் சார்ஜர். சில குளிர்காலங்கள் பாவித்துப் பார்த்துவிட்டேன். விலை சுமார் 80 பவுண். அந்தக் காசுக்கு இது தகுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கறுப்புப் பெட்டி. 12 வோல்ற் பற்றரிக்கு மட்டும். ஆகக்கூடியது 5 அம்பியர். எட்டுப் படிகளில் வேலை செய்கிறது. பற்றரி நிரம்பியதும் 13.6 வோல்ற்றில் பத்து நாள் வரை பிடித்து வைத்திருக்கும். அதன் பிறகு ஓய்ந்துவிட்டு, பற்றரி கொஞ்சம் இறங்கும்போது மட்டும் தேவையான அளவு ஏற்றும். குளிருக்கு ஏற்றபடி வோல்ற்றேஜைத் தானே கூட்டிக் குறைக்கும். இதனால்தான் மாதக்கணக்கில் கழற்றாமல் விடலாம் என்கிறார்கள், நானும் அப்படித்தான் விடுகிறேன். முன்பு என்னிடம் இருந்த பழைய பாணிச் சார்ஜர், கம்பனிப் பெயர் வேண்டாம், நிரம்பினாலும் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பற்றரி கொதித்து, அசிட் ஆவி பட்டு, பற்றரித் தட்டின் பெயின்ற் உரிந்து துருவேறியது. மைனரில் அந்தத் தட்டு எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. அங்கே துரு பிடித்தால் ஒட்டு வேலை செய்பவனுக்குக் கொண்டாட்டம்.

மைனர்காரர் கவனிக்கவேண்டிய விசயம் ஒன்று உண்டு. இந்தக் காருக்கு பொசிற்றிவ் எர்த். அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் இரும்பு உடலோடு (பொடி) பூட்டியிருக்கும். இன்றைய கார்களுக்கு நேரெதிர். சிவப்புக் கிளிப் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு என்பதில் மாற்றமில்லை; மாறுவது வரிசை. பொடியோடு சேராத முனையை முதலில் பிடிக்கவேண்டும் என்பது விதி. மைனரில் அது மைனஸ். எனவே முதலில் கறுப்பு. அப்புறம் சிவப்பை பற்றரிக்கும் பெற்றோல் குழாய்க்கும் தள்ளி, பெயின்ற் இல்லாத ஒரு இரும்பில். கழற்றும்போது மறுவளமாக. எஞ்சின் சுழலும்போது கரண்ட் தரும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, இந்தக் காலத்து ஓல்ற்றனேற்றர் பூட்டிய மைனர்களை பெரும்பாலும் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள். ஆகவே காரின் வயதை நம்பாமல், பொடிக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பெட்டிக்குள் கிளிப் வயரோடு, நிரந்தரமாகப் பூட்டிவிடக்கூடிய வளைய வயரும் வருகிறது. என்னைக் கேட்டால் இதன் மதிப்பில் பாதி இந்த வயரில்தான். ஒருமுறை முறுக்கி, நுனியை கிறில் பக்கம் கொண்டுவந்து விட்டால் போதும், பிறகு போனற்றைத் திறக்காமலே பிளக்கைச் செருகலாம். ஆனால் உங்கள் மைனரில் இன்னும் அந்தக் காலத்துத் தொப்பி மாதிரியான முனைகள், மேலே ஒரு ஸ்குரூவோடு, இருந்தால் வளையத்தைப் பூட்ட ஒழுங்கான இடமில்லை. போல்ற்றும் நட்டும் உள்ள கிளாம்ப் முனைக்கு மாற்றவேண்டி வரும். சில பவுண் வேலைதான்.

“அத்தான், ஊரிலை உந்த மைனரைத் தள்ளித் தள்ளியே ஸ்ராட் எடுத்த ஆக்கள் நாங்கள். மண்ணெண்ணெயிலையும் ஓடினது. இஞ்சை வந்து கரண்ட் குடுத்துப் படுக்க வைக்கிறியள்!” என்று மனைவியின் தம்பி சிரித்தான். உண்மைதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் கொஞ்சப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் மைனரும் ஒன்று. ஆனால் அங்கே பற்றரிக்குக் குளிர் என்ற எதிரி இல்லை. முழுக்க இறங்கிய பற்றரி சுழியத்துக்குச் சில பாகை கீழே போனாலே உறையத் தொடங்கும், நிரம்பிய பற்றரி இங்கத்தைய எந்தக் குளிருக்கும் அசையாது. தவிர, 12.4 வோல்ற்றுக்குக் கீழே கனநாள் கிடந்தால் தகடுகளில் சல்பேற் படிந்து பற்றரி மெல்ல மெல்லச் செத்துப்போகும்.

சரி, வாரத்துக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிசம் விட்டால் போதாதா? போதாது. அது நன்மையை விடத் தீமை. மைனரில் இருப்பது டைனமோ. மிதிப்பதை நிறுத்தினால் விளக்கு மங்கும் சைக்கிள் டைனமோ போலத்தான் இதுவும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றரிக்கு ஒன்றும் வராது, சிவப்பு இக்னிஷன் விளக்கு மின்னிக்கொண்டு அதைச் சொல்லும். ஸ்ராட் எடுக்கச் செலவான கரண்ட் திரும்பி வராது. மேலாக, குளிரில் எழுப்பப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இழுத்த எஞ்சினில் எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கும், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கும். ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு களி ஒட்டியிருக்கும்.

எழுப்பினால் ஓட்டவேண்டும், எழுப்பாவிட்டால் சார்ஜரில் விடவேண்டும், இடைநடுவில் ஒன்றுமில்லை. நான் ஓட்டுவது நல்ல மழை பெய்து றோட்டைக் கழுவி, பிறகு காய்ந்த நாட்களில். ஒயில் நன்றாகச் சூடாகும் வரை, அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல். செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் உப்பை இங்கே றோட்டில் கொட்டுகிறார்கள். அது மைனரின் கதவுகளுக்குக் கீழே ஓடும் இரும்புப் பகுதிகளையும் பின் ஸ்பிறிங் பூட்டிய இடங்களையும் தின்றுவிடும். உப்புத் தெரிந்தால் கார் வெளியே வராது. பெற்றோலும் எத்தனோல் குறைந்த ஈ5தான். 2021 செப்டம்பரில் வந்த, எத்தனோல் கூடிய ஈ10 ஈரத்தை இழுக்கும், பழைய றப்பர் குழாய்களுக்கும் ஆகாது. றேடியேற்றரில் நீல அன்ரிஃபிறீஸ் பாதிக்குப் பாதி. ஹான்ட்பிறேக்கை விட்டுவிட்டுச் சில்லுக்குக் கட்டை வைக்கிறேன், இல்லாவிட்டால் பிறேக் ஷூ டிறம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

சார்ஜரில் குறை இல்லையா? இருக்கிறது. எத்தனை வோல்ற் என்று காட்டாது. சின்னச் சின்னப் படங்களுக்குப் பக்கத்தில் விளக்கு எரியும், அவ்வளவுதான். கண்ணாடி போடாமல் அதை வாசிக்கமுடியாது. நான் தனியாக ஒரு மீற்றர் வைத்திருக்கிறேன். 6 வோல்ற் கார்களுக்கு இது உதவாது. எம்.ஜி.பி. போல இரண்டு 6 வோல்ற் பற்றரியை வரிசையாகப் பூட்டிய காரென்றால் இரண்டையும் சேர்த்து 12ஆகக் கொழுவலாம்.

இன்னொரு விசயத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மைனரில் மணிக்கூடும் இல்லை, அலாமும் இல்லை. நிற்கும்போது கரண்டைக் குடிக்க அதில் ஒன்றுமே இல்லை. கராஜில் பிளக் இல்லாதவர்கள் இந்த 80 பவுணைச் செலவழிக்கத் தேவையில்லை. எர்த் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியை வீட்டுக்குள் தூக்கி வந்து, மாதத்துக்கு ஒருக்கா ஒரு மலிவான தானியங்கிச் சார்ஜரில் இரவு முழுக்க விட்டாலே குளிர்காலம் கடந்துவிடும். பிளக் இருந்து, என்னைப்போல முதுகுப் பிடிப்பும் இருந்தால் சீடெக் வாங்குங்கள். உத்தரவாதம் ஐந்து வருடம், பற்றுச்சீட்டைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.