பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு: பார்த்துக்கொள்ளும் அக்காவின் சமையலோடு மூன்று ஆண்டுகள்

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் நடுவில். 2022 ஜூன் முதல், பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து வரும் ஓர் அக்கா, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் தனியாகச் சமைக்கிறார். அவர் வந்தபோது மகளுக்கு நான்கு வயது. மகன் பிறகு பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை.

தொடக்கத்தில் நான் ஒரு தவறு செய்தேன். எங்கிருந்தோ எடுத்த உணவு அட்டவணையை அடுப்படிச் சுவரில் ஒட்டி, திங்களன்று ஓட்ஸ், புதனன்று பன்னீர் என்று கேட்டேன். முதல் மாதம் பாதிச் சாப்பாடு தட்டிலேயே மிஞ்சியது. "தாயி, கரையில இன்னைக்கி என்ன வந்துச்சோ அதப் பாத்து ஆக்குனாத்தான் பிள்ளை திங்கும்" என்றார் அக்கா. அட்டவணையைக் கழற்றிவிட்டு, எதைச் சமைத்தாலும் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்பதை மாலையில் எனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இன்றுவரை அந்த ஏற்பாடுதான் நடக்கிறது.

மீன் விஷயத்தில் அவர் காட்டும் கவனத்தை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. எங்கள் மாவட்டம் முண்டு மிளகாய்க்குப் பெயர்போனது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெரியவர்களின் குழம்பில் அந்தக் காரம் இறங்குவதற்கு முன்பே, மஞ்சளும் சீரகமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து கொதிக்கும் நிலையில், பிள்ளைகளின் பங்கைச் சிறு சட்டிக்கு மாற்றிவிடுவார். விளமீன் துண்டு வெந்ததும் சன்னலோரம் உட்கார்ந்து, சதையை இதழ் இதழாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். சோற்றில் பிசைந்த பிறகு உருண்டை பிடிக்கும்போது மறுபடியும் அதே சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவசரமாகச் சூடை மீனை ஊட்டியபோது மகளின் தொண்டையில் முள் சிக்கியது. வீட்டுக்கு வந்திருந்த உறவினர் சோற்று உருண்டையை விழுங்கச் சொன்னார். முள் இன்னும் ஆழமாகக் குத்தியது. அதை எடுத்துவிட்ட மருத்துவர், சோற்றையோ வாழைப்பழத்தையோ விழுங்கவைக்காமல் நேரே அழைத்து வந்திருக்க வேண்டும் என்றார். அக்காவின் கையில் அப்படி ஒருநாளும் நேர்ந்ததில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; நாட்டுப் படகுகள் கொண்டுவரும் மீன் யானை விலை விற்கும். அந்த நாட்களில் பல வீடுகளில் கருவாடுதான். அதன் உப்பு சிறு பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால், முட்டையும் முளைகட்டிய பாசிப்பயறும் போதும் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். நுங்கும் அப்போதுதான் கிடைக்கும். தோல் சீவி, வழுக்கி நேரே தொண்டைக்குள் போய்விடாதபடி பொடியாக நறுக்கித் தருவார்.

எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது தேத்தண்ணியில். மாலையில் மகளுக்கு அரை டம்ளர் தேத்தண்ணியும் வறுக்கியும் கொடுப்பது அவருக்கு இயல்பாகவே இருந்தது. அந்தச் சமயத்தில் மகளின் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை தடுக்கும் என்று மருத்துவர் விளக்கியதை அவரையும் உடன் வைத்துக்கொண்டு கேட்டேன். நான் சொல்லியிருந்தால் குறை சொல்வதாகப் பட்டிருக்கும். மறுநாளே தேத்தண்ணி நின்றது. முருங்கைக்கீரைப் பொரியலும், இரும்புச் சத்து உடலில் சேர உதவும் எலுமிச்சைச் சாறு கலந்த பயறும் வாரத்தில் மூன்று நாள் வரத் தொடங்கின. ஐந்து மாதத்தில் அளவு 11.6 ஆனது. மருத்துவர் கொடுத்த இரும்புச் சத்து மருந்துக்கும் அதில் பங்குண்டு.

மகனுக்கு ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கியபோது, ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேனும் வேண்டாம் என்றேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று முகம் சுளித்தாலும், குழைந்த பருப்புச் சோற்றை உப்புப் போடுமுன் தனியே எடுத்து வைத்தார். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகாது. அவனுடைய சோற்றுக்கென்று காவிரிக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து மூடி வைப்பதை அவராகவே வழக்கமாக்கிக்கொண்டார்.

குறைகளும் உண்டு. அவர் வீட்டில் காரியம் என்றால் நான்கைந்து நாள் வரமாட்டார், முன்கூட்டித் தெரிவதில்லை. பாசத்தால் கடைப் பாக்கெட் நொறுக்குத் தீனி வாங்கித் தரும் பழக்கத்தை இன்னும் முழுதாக மாற்ற முடியவில்லை. பனங்கிழங்கு கிடைக்கும் தை, மாசியில் மட்டும் அது தானாகக் குறைகிறது. மாதம் 7,000 ரூபாயில் தொடங்கிய சம்பளம் இப்போது 10,000. பிள்ளைகளோடு அமர்ந்து அதே சாப்பாட்டை அவரும் சாப்பிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாயில் வைப்பதைப் பார்த்துத்தான் மகன் கீரைக்கு வாய் திறக்கிறான்.