செம்பாறையும் பழைய கோடுகளும்: கேப்பிட்டல் ரீஃபா, ஹார்ஸ்ஷூ கேன்யனா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பழங்காலப் பாறை ஓவியம் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், இழுபறி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: கேப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்கா, அல்லது கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவைச் சேர்ந்ததாக இருந்தும் தனியே ஒதுங்கிக் கிடக்கும் ஹார்ஸ்ஷூ கேன்யன். இரண்டுக்கும் 24ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துப் போகலாம். ஒற்றுமை அதோடு சரி.

கேப்பிட்டல் ரீஃபில் அலைச்சலே இல்லை. சாலையோரம் காரை நிறுத்தி, மரப்பலகைப் பாதையில் நாலு எட்டு வைத்தால் செங்குத்தான செம்பாறைச் சுவர். சுமார் கி.பி. 300 முதல் 1300 வரை இங்கே வாழ்ந்த ஃப்ரீமான்ட் மக்கள் கொத்திய உருவங்கள் அதில் இருக்கின்றன: தோள் அகன்று இடுப்பு குறுகிய ஆட்கள், தலையில் ஏதோ அலங்காரம், பக்கத்தில் வளைந்த கொம்பு ஆடுகள். வெயில் நேராக அடித்தால் கோடுகள் பாறையோடு கலந்துவிடும். பைனாகுலர் கொண்டுபோகாதவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். அலுத்துவிட்டால் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வைத்த ஃப்ரூட்டா பழத்தோட்டம் இருக்கிறது. பறிக்கத் திறந்துவிடும் பருவத்தில் அங்கேயே நின்று தின்ன காசு கிடையாது.

ஹார்ஸ்ஷூவுக்கு நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் மண்சாலை. அப்புறம் 240 மீட்டர் இறக்கம், போகவர 11 கிலோமீட்டர் நடை, கீழே காலை இழுக்கும் மணல். குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. காலையில் இறங்குவது சுலபம்; அந்த ஏற்றம் மத்தியானத்துக்குத்தான் காத்திருக்கும்.

ஆனால் கடைசியில் வரும் 'கிரேட் கேலரி' வேறு ரகம். இது கொத்தியதல்ல, செந்நிறத்தில் தீட்டியது. சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு ஆள் உயர உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பல உருவங்களுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை; கீழே குறுகி, தரையில் படாமல் தொங்குவதுபோல. எல்லாவற்றிலும் பெரியது இரண்டு மீட்டரைத் தாண்டும். பல ஆயிரம் ஆண்டுப் பழமை என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2014இல் வந்த ஓர் ஆய்வு கி.பி. 1 முதல் 1100க்குள் என்றது. அது சரியென்றால், இதைத் தீட்டியவர்களும் ஃப்ரீமான்ட்காரர்களும் ஒரே காலத்தவர்களாகக்கூட இருந்திருக்கலாம்!

அப்பா அம்மா, சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், கேப்பிட்டல் ரீஃப். ஓவியத்துக்காகவே போகிறவருக்கு என் ஓட்டு ஹார்ஸ்ஷூவுக்கு, அதுவும் ஏப்ரலிலோ அக்டோபரிலோ. ஜூலையில் போவதாக இருந்தால் ஓட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.