ரோமானியச் சிப்பாயின் செருப்பு: ஒரு பழைய படப்புத்தகம்

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் வாங்கியது. கடைக்காரர் 500 ரூபாய் சொன்னார். நடுவில் பத்துப் பக்கம் பசை விட்டுக் கையோடு வந்ததைக் காட்டியதும் 350-க்கு இறங்கினார். கெட்டி அட்டை, ஆங்கிலம், ரோமானியப் படையைப் பற்றியது. ஓவியம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்துச் சிப்பாய் போலவே உடுத்தி, ஈட்டியும் கேடயமும் ஏந்தி, லீவு நாளில் அணிவகுக்கிற ஆர்வலர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களை நிறுத்தி எடுத்த போட்டோக்கள்தான் முழுக்க. குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில் 22 வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, செக்கிங் பார்த்தவன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். இந்தப் புத்தகம் என்னை வளைத்துப் போட்டதும் அங்கேதான்.

ரோமானியச் சிப்பாயின் செருப்புக்கு காலிகா என்று பெயர். (சின்ன வயதில் அப்பாவின் பாசறையில் குட்டிச் செருப்பு போட்டுத் திரிந்ததால்தான் ஒரு பேரரசனுக்கே 'காலிகுலா' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.) நாம் ஒரு அப்பருக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு வெட்டித் தைக்கிறோம். அவர்கள் ஒரே தோல் துண்டில் வாரெல்லாம் வெட்டி எடுத்து, குதிகால் பக்கம் மட்டும் மூட்டியிருக்கிறார்கள். அதை உள்சோலுக்கும் வெளிச்சோலுக்கும் நடுவில் வைத்து, கீழிருந்து இரும்பு ஆணிகளை அடித்து, மேலே வந்த முனையை மடக்கிவிட்டால் வேலை முடிந்தது. இதையெல்லாம் கோட்டோவியத்தில் முன்பே பார்த்திருக்கிறேன். ஆனால் பல மாதம் போட்டு நடந்த செருப்பின் அடியை முழுப் பக்கத்துக்குப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பெருவிரல் கீழேயும் குதிகாலின் வெளி ஓரத்திலும் ஆணித்தலை தேய்ந்து தட்டையாகிவிட்டது. உள்பாதம் வளைகிற இடத்தில் ஆணி புதிதுபோல நிற்கிறது. இந்தத் தேய்மானத்தை எந்த ஓவியரும் கற்பனையில் வரைய முடியாது. நடந்தால்தான் வரும்.

அடுத்த பக்கத்தில் கல் பாவிய தெருவில் ஒருவர் வழுக்கி, பக்கத்து ஆளின் கேடயத்தைப் பிடித்துத் தொங்குகிறார். சிரிப்பு வந்தது. ஆனால் கி.பி. 70-இல் ஜெரூசலேம் முற்றுகையில் இதே கதைதான் நடந்திருக்கிறது. ஜூலியானஸ் என்ற ரோமானிய அதிகாரி அங்கிருந்த யூதக் கோயிலின் தளவரிசையில் தனியாளாக எதிரிகளை விரட்டிக்கொண்டு போனபோது, செருப்பின் ஆணி வழுக்கி விழுந்து கொல்லப்பட்டதாக அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதி வைத்திருக்கிறார். மண்ணைப் பிடிக்கும் ஆணி கல்லில் காலை வாருகிறது.

இரும்புப் பட்டைக் கவசத்தின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டும் படமும் நன்றாக இருக்கிறது. பட்டைகளை இழுத்துப் பிடித்திருப்பது உள்ளே ஓடும் தோல்வார்தான். ரோமில் சிப்பாய்களைச் செதுக்கி வைத்திருக்கும் டிராஜன் தூணில் கவசத்தின் வெளிப்பக்கம் மட்டும் இருப்பதால் அதைப் பார்த்து உள் அமைப்பைச் சொல்ல முடியாது. 1964-இல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் ஒரு மரப்பெட்டிக்குள் கவசத் துண்டுகள் கிடைத்த பிறகுதான் விஷயம் தெளிந்தது.

இனி குறை. எங்கள் பழைய மேஸ்திரி பாயிடம் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடுப்புப் பட்டையின் வெட்டு ஓரத்தில் விரல் வைத்தார். "இது குரோம் தோல்பா. ஓரத்துல நீலம் தெரியுது பார்."

"படத்துலயே சொல்லிடுவீங்களா பாய்?"

"நாப்பது வருஷம் வெட் புளூவிலதானே கை வெச்சிருந்தேன்."

குரோம் உப்பில் பதனிட்ட ஈரத் தோல் நீலமாக இருக்கும், அதைத்தான் வெட் புளூ என்போம். அவர் சொன்னது சரி. குரோம் பதனிடல் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ரோமானியர் தோல் மரப்பட்டையில் ஊறியது. நம் ஊரில் ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுச் செய்வதுபோல. ஓரம் பழுப்பாகத்தான் இருக்கும். இது ஒரு பெல்ட் தப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் ஆள் வைத்துப் படம் எடுப்பதில் உள்ள சிக்கலே இதுதான். தெரியாத இடத்தை ஓவியர் நிழலில் மறைத்துவிடுவார். நிஜ ஆள் கேமரா முன்னால் நின்றால் நூல், பொத்தான், சாயம் என்று எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். பார்க்கிறவனுக்கு எது தோண்டி எடுத்தது, எது கடையில் வாங்கியது என்று தெரியாது. சிப்பாய்கள் எல்லாரும் சிவப்பு உடுப்பில் நிற்கிறார்கள். சாயம் போடாத வெள்ளைதான் பெரும்பாலும் உடுத்தினார்கள் என்று வாதிடுகிற அறிஞர்களும் உண்டு. அதற்கு ஒரு வரி விளக்கம் போட்டிருக்கலாம். 3-ஆம் நூற்றாண்டு என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் காலிகா மாட்டிவிட்டது அதைவிட மோசம். 2-ஆம் நூற்றாண்டிலேயே மூடிய ஷூவுக்கு மாறிவிட்டார்கள்.

இன்னொன்று, தொப்பை. இருபது வயதில் சேர்ந்து 25 வருஷம் சேவை செய்த படை அது. இங்கே நரைத்த தாடி ரொம்ப அதிகம். பதினைந்து பேரை நெருக்கி நிறுத்தி 80 பேர் கொண்ட செஞ்சுரி என்ற படைப்பிரிவைக் காட்டப் பார்க்கிறார்கள்; பின்னால் வேலியும் யாரோ ஒருவரின் காரும் தெரிகிறது. போர்க்கள அத்தியாயத்தை அப்படியே தாண்டிவிடலாம்.

செருப்பு, கவசம், ஆட்டுத்தோல் கூடாரம், இந்த மூன்று அத்தியாயத்துக்கே 350 ரூபாய் தகும். 500 கொடுக்காதீர்கள். பைண்டிங் நிச்சயம் விடும்.

புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. காலிகா பக்கத்தை டிரேசிங் தாளில் எடுக்கிறேன் என்று பாய் வாங்கிப் போய் மூன்று வாரம் ஆகிறது. அப்பர் வெட்டிவிட்டாராம். ஆணிக்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறார்.