கம்யூனிட்டி காலேஜில் அக்கவுண்டிங், அனாட்டமி, கிரிமினல் ஜஸ்டிஸ்: எந்தப் பாடம் எங்கே காலை வாரும்?

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) கேட்டலாக்கில் அக்கவுண்டிங்குக்கும் கிரிமினல் ஜஸ்டிஸுக்கும் (குற்றவியல் நீதி) பொதுவாக 3 கிரெடிட், லேபோடு சேர்ந்த அனாட்டமி–பிசியாலஜிக்கு (உடலமைப்பும் உடலியக்கமும்) 4 என்றிருக்கும். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, இரண்டு மணி நேர வீட்டுப்படிப்பு என்பது வழக்கமான கணக்கு. அதன்படி மூன்றுக்கும் வாரம் 30 மணி நேரம் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு அனாட்டமிக்குச் சரிவராது. மூன்று மணி நேர லேபுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கிரெடிட்தான். முழுநேர வேலையில் இருப்பவர்கள் மூன்றையும் ஒரே செமஸ்டரில் எடுக்கவே வேண்டாம் என்பது பல செமஸ்டர் மாணவர்களைப் பார்த்த பிறகு எங்கள் உறுதியான கருத்து.

அக்கவுண்டிங்கில் நம் ஊரில் பி.காம். படித்தவர்களுக்கு முதல் மாதம் சுலபம், அதன் பிறகுதான் சறுக்கல். 'பெறுபவரைப் பற்று வை' என்ற பொன்விதிகளை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். சொத்து என்பது கடனும் உரிமையாளர் பங்கும் சேர்ந்தது என்ற ஒரே சமன்பாட்டிலிருந்துதான் எல்லாவற்றையும் வரவழைப்பார்கள். சரக்கிருப்பில் லைஃபோ முறையும், அதாவது கடைசியாக வாங்கிய சரக்கே முதலில் விற்றதாகக் கணக்கிடுவதும், பாடத்தில் உண்டு. இந்தியத் தரநிலைகள் அதை ஏற்பதில்லை, அமெரிக்க விதிகள் ஏற்கின்றன.

பெரும்பாலானோர் மார்க்கை விடும் இடம் அட்ஜஸ்டிங் என்ட்ரி, அதாவது அந்தந்த வருடத்துக்கு உரிய செலவை மட்டும் வருடக் கடைசியில் சரிசெய்து எழுதும் பதிவு. 24,000 டாலருக்கு மெஷின், 5 வருட ஆயுள், கடைசி மதிப்பு 4,000. தேய்மானம் வருடத்துக்கு 4,000 என்று எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் மெஷின் வாங்கியது அக்டோபர் 1, கணக்கு முடிவது டிசம்பர் 31 என்றால் அந்த வருடத்துக்கு 1,000 மட்டுமே. இன்சூரன்ஸும் இப்படித்தான்: நவம்பர் 1 அன்று 12 மாதத்துக்கு 2,400 கட்டினால் வருடக் கடைசியில் செலவு 400, மீதி 2,000 இன்னும் சொத்து. கேள்வியைப் படித்ததும் முதலில் தேதிகளுக்கு அடிக்கோடு போடுங்கள்.

ட்ரையல் பேலன்ஸில் டெபிட் மொத்தமும் கிரெடிட் மொத்தமும் இடித்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து போட வேண்டாம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 540-ஐ 450 என்று எழுதினால் 90 இடிக்கும். இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். டெபிட்டில் போக வேண்டியது கிரெடிட்டில் போயிருந்தால் அங்கே சிக்கும்.

புத்தகத்தைப் பழையதாக வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் முதலில் சிலபஸைப் பாருங்கள். ஹோம்வொர்க் பதிப்பகத்தின் தளத்தில் என்றால் உள்ளே நுழைய ஆக்சஸ் கோடு (குறியீட்டு எண்) தேவை. பழைய புத்தகத்தில் இருக்கும் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும்.

உயிரியலில் முதல் தவறு பதிவு செய்யும்போதே நடக்கிறது. 'ஹ்யூமன் பயாலஜி' என்பது பொதுவாக மற்ற துறை மாணவர்களுக்கான பாடம். நர்ஸிங் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் அனாட்டமி–பிசியாலஜி ஒன்று, இரண்டு என இரு பகுதிகளும் லேபோடு கேட்பார்கள். பழைய மதிப்பெண்ணுக்கு ஆண்டு வரம்பு வைக்கும் நர்ஸிங் பள்ளிகளும் உண்டு. பணம் கட்டும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

லேப் தேர்வுதான் இந்தப் பாடத்தின் உயிர். மேசைக்கு மேசை ஊசி குத்திய மாதிரிகள் இருக்கும். மணி அடித்தால் நகர வேண்டும். புத்தகப் படத்தில் மட்டும் இதயத்தைப் பார்த்தவர் பதப்படுத்திய செம்மறியாட்டு இதயத்தின் முன் திகைத்து நிற்பார். பெருஞ்சிரைகள் ஒட்ட வெட்டப்பட்டு வெறும் ஓட்டைகளாகத் தெரியும். கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள்: கெட்டியாக இருப்பது இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை), அமுங்கிக் கொடுப்பது வலது. நுரையீரல் தமனித் தண்டு கிளம்பும் பக்கம் முன்பக்கம். அதை உங்களைப் பார்த்து வைத்தால் இதயத்தின் இடது உங்கள் வலக்கைப் பக்கம் வரும். பிளாஸ்டிக் மாடலில் நுரையீரல் தமனி நீலம், நுரையீரல் சிரை சிவப்பு. தமனி என்றாலே சிவப்பு என்று மனப்பாடம் செய்தவர்கள் விழுவது இங்கேதான்.

எழுத்துப் பிழைக்கும் மார்க் போகும். இடுப்பெலும்பின் இலியம், சிறுகுடலின் இலியம் இரண்டும் ஒலியில் ஒன்றுதான்; ஆங்கிலத்தில் மூன்றாம் எழுத்து எலும்புக்கு 'ஐ', குடலுக்கு 'ஈ'. மைக்ரோஸ்கோப்பில் 40 மடங்கு லென்ஸுக்கு மாறிய பிறகு பெரிய திருகைத் தொடாதீர்கள், ஸ்லைடு உடையும். ஓப்பன் லேப் நேரம், அதாவது வகுப்பு இல்லாதபோது லேபில் நீங்களே பார்த்துப் படிக்கும் நேரம், இருந்தால் விடாமல் போங்கள். வீட்டில் எத்தனை மணி நேரம் படித்தாலும் அதற்கு ஈடாகாது.

கிரிமினல் ஜஸ்டிஸை 'கதை படிக்கிற மாதிரி' என்று எடுப்பவர்கள் அதிகம். படிக்கச் சுலபம்தான், எழுதும்போதுதான் மாட்டுவார்கள். நாடு முழுக்க ஒரே தண்டனைச் சட்டம் பார்த்துப் பழகிய நமக்கு, மத்திய அரசுக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிக் குற்றவியல் சட்டம் என்பது மனதில் படியவே நாளாகும். ஜெயில் என்பது விசாரணைக் கைதிகளுக்கும் பொதுவாக ஒரு வருடத்துக்குள்ளான தண்டனைக்கும். பிரிஸன் அதற்கு மேல். ப்ரொபேஷன் சிறைக்குப் பதிலாகத் தருவது, பரோல் சிறையில் கொஞ்ச காலம் இருந்த பின் வெளியே விடுவது.

1966-இன் மிராண்டா தீர்ப்பைத் தவறாக எழுதாத வகுப்பே இல்லை. காவலில் விசாரிக்கும் முன் 'பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்' என்று போலீஸ் எச்சரிக்க வேண்டும் என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. எச்சரிக்கை சொல்லாததால் கைது செல்லாது என்று எழுதுவார்கள். அப்படியல்ல. காவலில் வைத்து, எச்சரிக்காமல் விசாரித்திருந்தால், அதில் கிடைத்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது; கைது தனி. இந்தியாவில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே பொதுவாகச் சாட்சியமாகாது என்பதால் இந்த வேறுபாட்டில் நம்மவர்கள் கூடுதலாகக் குழம்புகிறார்கள். ஒவ்வொரு தீர்ப்புக்கும் நடந்தது, கேள்வி, முடிவு, காரணம் என்று நான்கு பத்தியில் அரைப் பக்கம் எழுதிவையுங்கள். மேப் 1961 (சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த சாட்சியம்), கிடியன் 1963 (வசதியற்றவருக்கு அரசு வக்கீல்), டெர்ரி 1968 (தெருவில் நிறுத்திச் சோதிப்பது) மூன்றையும் இப்படி எழுதிவைத்தால் முதல் தேர்வில் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

சேர்த்து எடுப்பதானால் அனாட்டமியோடு கிரிமினல் ஜஸ்டிஸ் ஒத்துவரும். அக்கவுண்டிங்கை 8 வாரக் கோடைக்கால வகுப்பில் எடுத்தால், முழு செமஸ்டர் வேலையும் அதற்குள் அடைபடுவதால் வாரம் சுமார் 17 மணி நேரம் ஆகும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: முழுநேரப் படிப்புக்கான கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஓர் ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட்தான் சேரும். மற்றவற்றை நேரில் வந்து படிக்கும் பிரிவில் பதிவு செய்யுங்கள்.