புக்காராவா, கிபிரா: தரைப்படைக்கு எது தோது?

போர்க்காலத்தில் மட்டக்களப்பின் படுவான்கரையில் வளர்ந்த எங்களுக்கு, விமானம் வருவதைக் கண்ணுக்கு முன் காதுதான் சொல்லும். இலங்கை விமானப்படையின் புக்காரா தாக்குதல் விமானம் என்றால் உழவு மெஷின் போல நீண்ட இரைச்சல். அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பதுங்கு குழிக்குள் தள்ள நேரம் இருக்கும். அதே படையின் ஜெட் விமானமான கிபிருக்கு அந்த நேரமும் கிடையாது.

தரையில் நிற்கும் படைக்கு உதவ என்றால், என் கணக்கில் புக்காராதான் பொருத்தம். ஆர்ஜென்டீனா அதை அந்த வேலைக்கென்றே செய்தது: விசிறியைச் சுழற்றும் இரண்டு டர்போப்ரொப் இயந்திரம், மணிக்கு 500 கிலோமீற்றர் வேகம், இரண்டு 20 மி.மீ. பீரங்கி, நான்கு இயந்திரத் துப்பாக்கி. கரடுமுரடான குறுகிய ஓடுபாதையே போதும். மெதுவாக வட்டமிடுவதால் எது வரப்பு, எது காவலரண், எது வீடு என்று விமானியால் பிரித்துப் பார்க்க முடியும். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இஸ்ரேலின் கிபிர், பிரான்ஸின் மிராஜ் 5 போர்விமான வடிவத்தில் ஜே79 என்ற ஜெட் இயந்திரம் பூட்டியது. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம். நிறையக் குண்டு சுமக்கும், சட்டென்று வந்து சேரும். ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு கிராமம் சில விநாடிதான் கண்ணில் நிற்கும். இரு தரப்பும் நூறு, இருநூறு மீற்றரில் மோதும்போது அது போதவே போதாது.

சரி, புக்காராவுக்குக் குறையே இல்லையா? உண்டு, பெரியது. தோளில் வைத்துச் சுடும், வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைக்கு மெதுவான விமானம் இலகுவான இலக்கு. இலங்கை வாங்கியதோ நான்கே நான்கு. 1996 இல் கிபிர் வந்துவிட்டது. ஏவுகணைக்குப் பயந்து உயரப் போனால், அந்தக் கூர்ந்து பார்க்கும் வசதியும் புக்காராவுக்கு இல்லாமல் போய்விடும்.