வீடியோ காலில் காது மெஷின் செட்டிங்: 84,000 ரூபாய் போச்சு, உஷார்

அப்பாவுக்கு ஒரு ஜோடி காது மெஷின், 84,000 ரூபாய். ஆன்லைனில் விற்று, கூரியரில் அனுப்பி, "செட்டிங் எல்லாம் வீடியோ காலிலேயே முடிச்சிடலாம், எங்கேயும் அலைய வேண்டாம்" என்று சொல்லும் ரகக் கம்பெனி. புகார் ஓடிக்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

நம்ப வைத்தது முதல் வீடியோ கால்தான். வெள்ளைக் கோட்டு போட்ட பையன் திரையில் ஒரு கிராஃபைக் காட்டி, அதில் ஒரு கோட்டை மவுஸால் மேலே இழுத்தான். "இப்ப கேக்குதா சார்?" "ஃபேன் சத்தம்கூட கேக்குதுப்பா!" அந்த நிமிஷமே மீதிப் பணத்தையும் கட்டியாச்சு. கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் ஃபேன் சத்தம் கேட்கத்தான் செய்யும். பேச்சு புரிகிறதா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கவில்லை.

அந்த கிராஃப் எங்கிருந்து வந்தது? ஹாலில் உட்கார்ந்து, செல்போன் ஆப்பில், சாதாரண இயர்போன் மாட்டி எடுத்த டெஸ்ட். அதற்குக் காலிபரேஷன், அதாவது ஒலி அளவு சரிதானா என்று அளந்து சரிபார்ப்பது, கிடையாது. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்துப் பார்க்கும் 'போன்' (எலும்பு) கண்டக்‌ஷன் டெஸ்டும் அதில் இல்லை. அது இல்லாத கிராஃபை வைத்து கோளாறு உள்காது நரம்பிலா, அழுக்கடைப்பு, செவிப்பறை ஓட்டை மாதிரி வெளியிலோ நடுக்காதிலோ என்று பிரிக்கவே முடியாது. பிறகு நேரில் ஓட்டோஸ்கோப் (காதுக்குள் பார்க்கும் லைட் கருவி) வைத்துப் பார்த்தபோது வலது காது முழுக்க அழுக்கு அடைத்திருந்தது. முதலில் எடுக்க வேண்டியது அந்த அழுக்கு. எடுத்து மறுபடி டெஸ்ட் செய்த பிறகுதான் மெஷின் பேச்சே.

அடுத்தது விசில். வந்தது ஆர்ஐசி மாடல், அதாவது ஒயர் நுனியில் உள்ள குட்டி ஸ்பீக்கர் காதுக்குள் போகும். அதற்கு ரிசீவர் என்று பெயர், மீடியம், பவர் என்று ரகம் உண்டு. இடது காதில் அப்பாவுக்குக் குறைபாடு அதிகம், பவர் ரிசீவரும் காதை மூடும் டோமோ (ஸ்பீக்கர் மேல் மாட்டும் ரப்பர் குல்லா) மோல்டோ (காது அளவுக்கு வார்த்தெடுத்தது) வேண்டும். அனுப்பியதோ மீடியம் ரிசீவர், ஓட்டை போட்ட ஓப்பன் டோம். பெருக்கிய சத்தம் ஓட்டை வழியாகக் கசிந்து மைக்குக்குத் திரும்பினால் 'கீ'ன்னு கத்தாமல் என்ன செய்யும்?

ரிசீவரை வீடியோ காலில் மாற்ற முடியுமா? முடியாது. அதனால் அங்கிருந்தே 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த சுருதி ஒலிகளுக்குக் கெயினை வெட்டிவிட்டார்கள். விசில் நின்றது. கூடவே மெல்லிய மெய்யொலிகளும் போயின. "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால் அப்பா காதில் "ஆப்பிட்டாச்சா" என்று விழுகிறது. புகார் டிக்கெட்டில் 'ரிசால்வ்டு' என்று போட்டுவிட்டார்கள்.

மெசேஜ் போட்டால் ஒரே பல்லவி: "பழகப் பழக சரியாயிடும் சார்." புது மெஷினுக்கு மூளை பழகச் சில வாரம் ஆகும், அது உண்மை. தப்பான ரிசீவருக்கு எந்த மூளையும் பழகாது. அப்புறம் "சீனியர் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) கூப்பிடுவாங்க", அப்புறம் "நெட் ஸ்லோ, வேற ஸ்லாட் போடுங்க". டிரையல் 30 நாள் என்றார்கள், கணக்கு வைத்ததோ பில் தேதியிலிருந்து. கூரியரும் ஸ்லாட் காத்திருப்பும் அதைத் தின்றுவிட்டன. ரிட்டர்ன் கேட்டால், "இயர் டிப் யூஸ் பண்ணியாச்சு, ஹைஜீன் பாலிசி." காதில் போடாமல் டிரையல் எப்படிய்யா பார்க்கிறது?

உச்சம் இனிமேல்தான். உள்ளூர் ஆடியாலஜிஸ்ட் மெஷினைத் தன் சாஃப்ட்வேரில் இணைத்தார். திறக்கவில்லை, லாக். அந்தக் கம்பெனி தவிர வேறு யாரும் செட்டிங்கைத் தொட முடியாது. 84,000 ரூபாய் கொடுத்து வாங்கியும் சாவி அவர்கள் கையில்.

தொலைதூரச் சேவையே மோசடி என்று சொல்லவில்லை. நேரில் டெஸ்ட், நேரில் முதல் ஃபிட்டிங், முடிந்தால் காதுக்குள் மெல்லிய டியூப் வைத்து அளக்கும் ரியல் இயர் அளவீடு, இதெல்லாம் முடிந்த பிறகு சின்னச் சின்னத் திருத்தத்துக்கு அது அருமையான வசதி.

விளக்கமாக எழுதப் பொறுமை இல்லை, அவசரமாகச் சில: முதலில் இஎன்டி டாக்டரிடம் காதைக் காட்டுங்கள். வீடியோ காலில் பேசுகிறவரின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் கட் பண்ணுங்கள். மெஷின் லாக் உண்டா, டிரையல் எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர், ரிசீவர் ரகம் இரண்டும் இருக்கட்டும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் ஆப்பில் ஸ்லாட் தேடாதீர்கள், அன்றைக்கே இஎன்டி. ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். ஆன்லைன் விற்பனைக்கான நுகர்வோர் விதிப்படி கம்பெனியின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எங்களுக்கு இன்னும் "யுவர் கால் இஸ் இம்பார்ட்டன்ட்" மட்டும்தான் வருகிறது.