டம்டம் பாறையில் ஒரு செவ்வாய்க்கிழமை

ஏழு வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். ஜெர்மனியில் லீவு கிடைத்தது நவம்பரில்தான். கொடைக்கானல் போகலாம் என்றதும் மச்சான், "இப்ப எதுக்கு மாப்ள, மழையும் பனியுமாக் கெடக்கும், கடைகூட இருக்காது" என்றார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

சீசன் இல்லாவிட்டாலும் கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. என் ஜெர்மனி எண்ணை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓடிபிக்காகக் காத்திருந்தேன், வரவே இல்லை. வெளிநாட்டு ஆட்களுக்கு மின்னஞ்சல் வழி தனியாக இருக்கிறதாம், அது அப்புறம்தான் தெரிந்தது. அக்கா தன் ஃபோனில் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் முதலில் எல்லோரும் வண்டியை நிறுத்துகிற இடம் டம்டம் பாறை. மே மாதத்தில் அங்கே நிறுத்த இடம் கிடைக்காது, பஸ்ஸும் வேனுமாக ரோட்டையே அடைத்துக்கொண்டு நிற்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் போனபோது எங்கள் வண்டி ஒன்றுதான். சோளக்கதிர் வண்டிகள் தார்ப்பாய் போர்த்திக் கட்டிக் கிடந்தன. தடுப்புச் சுவர் மேல் ஒரு குரங்குக் கூட்டம், யாராவது வரமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தது போல. கூட்டம் இல்லாததால் அதுகளுக்கும் பசி போலிருக்கிறது, அம்மா கையில் இருந்த முறுக்குப் பொட்டலம் போனது போனதுதான்.

ஆனால் அருவி! எதிர் மலையில் எலிவால் அருவி, தலையாறு அருவி என்றும் சொல்வார்கள், 975 அடி உயரம். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலா போனபோது வாத்தியார் விரலை நீட்டி நீட்டிக் காட்டியும் எனக்குப் பாறையில் கோடு கிழித்த மாதிரிதான் தெரிந்தது. கோடைச் சீசனில் அவ்வளவுதான் தண்ணீர் இருக்கும். அந்த மலைப்பக்கம் நல்ல மழை பெய்வதே ஐப்பசி கார்த்திகையில்தான், அதனால் இப்போதுதான் அது அருவியாக விழுகிறது. மேகம் விலகிய பத்து நிமிடம் வெள்ளையாக, தடிமனாக, கீழே மஞ்சளாறு அணை வரைக்கும் பார்த்தோம். சீசன் என்று நாம் சொல்வது பள்ளிக்கூட லீவுக்கான சீசன், தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, குறைக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி வேறு. அங்கே இருந்த கழிப்பறைக்குப் பூட்டு. பக்கத்தில் விசாரித்தால், ஆள் சனி ஞாயிறு மட்டும்தான் வருவாராம், மற்ற நாளில் வருகிற பத்துப் பேருக்காகத் திறந்து வைத்தால் கட்டுப்படி ஆகாதாம். அந்தப் பத்துப் பேருக்கு வேறு வழி என்ன என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆண்கள் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். அறுபத்தெட்டு வயது அம்மா எங்கே போவாள்?

திறந்திருந்த ஒரே டீக்கடை அக்காதான் காப்பாற்றினார். "ஏந்தம்பி வெயில்ல, சாரி, மழையில நிக்க வச்சிருக்கீக, உள்ள கூட்டிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக் கழிப்பறைக்கு அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். காசு கொடுத்ததற்குக் கோபப்பட்டார். அதனால் தேவையோ இல்லையோ இரண்டு ரவுண்டு டீ, ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, ஒரு கிலோ மலைப்பூண்டு. என்னிடம் ஜிபே கிடையாது, இருந்தது ஐநூறு ரூபாய்த் தாள்கள், அவரிடம் அன்றைக்குச் சில்லறை தேறும் அளவுக்கு வியாபாரமே இல்லை. கடைசியில் மச்சான்தான் ஸ்கேன் பண்ணினார். ஊருக்குப் போகிறவர்கள் நூறும் ஐம்பதுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் போகுமுன் கட்டாயம்.

மேலே வெள்ளி அருவிச் சோதனைச் சாவடியில் பாஸைப் பார்த்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இதில் மட்டும் சீசன், சீசன் இல்லை என்ற பேதமே இல்லை, மரியாதையாகவும் நடத்தினார்கள். அங்கே விழுவது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வருகிற தண்ணீர், அதனால் குளிக்காமல் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது மறுபடி டம்டம் பாறையில் நிறுத்தினோம். கழிப்பறை திறந்திருந்தது, பத்து ரூபாய், உள்ளே சுத்தமாகவே இருந்ததாம். ஆனால் பனி மூடி எதிர் மலையே தெரியவில்லை. டீக்கடையில் கூட்டம் நெரிந்தது, அதற்கு நடுவிலும் அந்த அக்கா அம்மாவைப் பார்த்ததும், "முழங்காலு எப்பிடிம்மா இருக்கு?" என்றார்.